தோட்டத்துக்குக் காவல்: முதலில் அலாரம், பிறகு கேமரா

கிணற்று மோட்டாரின் ஒயரை இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போகும் திருட்டு, கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் மட்டுமின்றித் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலும் விவசாயிகளுக்கு ஓயாத தொல்லையாக இருந்து வருகிறது. காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் விவசாயி ஸ்டார்ட்டரை அழுத்துகிறார். மோட்டார் ஓடவில்லை. கிணற்று மேட்டில் போய்ப் பார்த்தால், ஒயர் இருந்த இடத்தில் அறுபட்ட முனைதான் கிடக்கிறது.

திருடன் தேடி வருவது செம்பு. 4 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள மூன்று கம்பிக் கேபிள் 100 மீட்டர் நீளம் இருந்தால், அதில் ஏறத்தாழ பத்தே முக்கால் கிலோ செம்பு இருக்கிறது. மேலுறையை எரித்துவிட்டுச் செம்பைக் காயலான் கடையில் போட்டால் திருடனுக்கு ஒரு நாள் செலவுக்குப் பணம் கிடைத்துவிடும். விவசாயிக்கு ஏற்படும் நஷ்டம் அத்தோடு நிற்பதில்லை. புதுக் கேபிள் வாங்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணறாக இருந்தால் குழாயை மேலே ஏற்றி, மோட்டாரை எடுத்து, கேபிளை இணைத்து மறுபடியும் இறக்க வேண்டும். ஆட்கள் கிடைத்து வேலை முடிய நாலைந்து நாள் ஆகிவிடும். கோடையில் பூவும் பிஞ்சுமாக நிற்கும் தக்காளிக்கு அந்த நாலைந்து நாள் போதும். ஒரு பருவத்து உழைப்பே போய்விடும்.

பொருள் போனால் மறுபடி சம்பாதிக்கலாம். உயிருக்கே ஆபத்து வருவதும் உண்டு. 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் கொலை செய்யப்பட்டனர். ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக வசித்த முதிய தம்பதி கொல்லப்பட்டது, சில நாட்கள் கழித்து 2025 மே மாதத் தொடக்கத்தில்தான் வெளியே தெரிந்தது. இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு, தோட்டத்து வீடுகளில் கேமராவும் அலாரமும் வைக்கும் எண்ணம் சிறு விவசாயிகளிடமும் வளர்ந்திருக்கிறது. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எதில் முதலில் போடுவது என்பதுதான் கேள்வி.

இரண்டும் ஒன்றல்ல

அலாரமும் கேமராவும் செய்யும் வேலை வேறு வேறு. திருட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்களை எழுப்புவது அலாரம். வந்தவன் யார், எப்போது வந்தான், எந்தப் பக்கம் போனான் என்று மறுநாள் சொல்வது கேமரா. ஒயர் போன பிறகு அதை எடுத்தவனின் படம் கிடைப்பதைவிட, ஒயர் போகாமல் இருப்பதுதான் விவசாயிக்கு லாபம். ஆகவே சிறு விவசாயி முதலில் அலாரத்துக்கும், வசதி வந்தபின் கேமராவுக்கும் செலவு செய்வது நல்லது. ஆனால் இந்த இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு.

திருடனைத் தாமதப்படுத்துங்கள்

வெளியே தொங்கும் ஒயரை அறுக்கச் சில விநாடிகள் போதும். அதே ஒயர் மண்ணுக்குள் இரும்புக் குழாய் வழியாகப் போனால், தோண்டி எடுக்க வெகு நேரம் ஆகும். ஸ்டார்ட்டரிலிருந்து கிணற்று மேடு வரை ஜி.ஐ. குழாயில் கேபிளைச் செலுத்தி, இரண்டடி ஆழத்தில் புதைத்து, குழாய் வெளியே வரும் இடங்களில் சிமெண்டுக் கலவை போட்டு இறுக்கிவிட வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றின் வாயைப் பூட்டுப் போடும் இரும்பு மூடியால் மூடலாம்.

ஸ்டார்ட்டர் வரை வரும் தரைமேல் ஒயருக்குச் செம்புக்குப் பதிலாக அலுமினியக் கேபிளைப் பயன்படுத்துவதும் ஒரு வழி. அலுமினியத்துக்குப் பழைய சாமான் விலை குறைவு என்பதால் திருடர்களுக்கு அதில் ஆசை குறைவு. ஆனால் மின்சாரத்தைக் கடத்தும் திறனில் அலுமினியம் செம்பில் ஏறத்தாழ 61 சதவீதம்தான். எனவே செம்பு இருந்த கனத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் கனமான கேபிள் தேவை. செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் இரண்டுக்கும் பொருந்தும் லக் போட வேண்டும். வெறுமனே முறுக்கிவிட்டால் இணைப்பு சூடேறி எரிந்துவிடும்.

கேபிளின் மேல் பத்தடிக்கு ஒரு முறை பெயரின் முதல் எழுத்தும் சர்வே எண்ணும் அழியாத பெயிண்டில் எழுதி வைக்கலாம். மோட்டாரின் எண், கேபிள் வாங்கிய ரசீது ஆகியவற்றைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால், புகார் கொடுக்கும்போதும் பொருள் பிடிபடும்போதும் உதவும்.

ஒயர் அறுந்தால் கத்தும் அலாரம்

மின்சார அலாரம் புதிய சரக்கு அல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்கு அருகே வசித்த அகஸ்டஸ் போப் என்பவர், கதவோ ஜன்னலோ திறந்தால் மின்மணி அடிக்கும் கருவிக்கு 1853-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். கதவைத் திரும்ப மூடினாலும் மணி நிற்காது என்பது அதன் சிறப்பு. இன்றைய அலாரங்களின் அடிப்படையும் அதுதான்.

பம்புசெட்டுக்கு ஏற்றது, கம்பி அறுந்தால் கத்தும் அலாரம். 12 வோல்ட் பாட்டரி ஒன்று, ரிலே ஒன்று, சைரன் ஒன்று, மெல்லிய இரட்டைக் கம்பி ஆகியவையே இதற்குத் தேவை. மெல்லிய கம்பியை மோட்டார் கேபிளோடு சேர்த்து டேப் சுற்றி, கிணற்று மேடு வரை கொண்டுபோய், அங்கே இரண்டு முனைகளையும் இணைத்துவிட வேண்டும். பாட்டரியின் மின்சாரம் இந்தக் கம்பி வழியாகச் சுற்றி வந்து ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். கேபிளை அறுப்பவன் இந்தக் கம்பியையும் சேர்த்துத்தான் அறுக்க வேண்டும். அறுந்த கணமே ரிலே விடுபட்டு, சைரனுக்கு இணைப்புக் கிடைத்துவிடும். இது பாட்டரியில் இயங்குவதால் மின்தடை நேரத்திலும் வேலை செய்யும். ஒயர் திருடர்கள் கரண்ட் இல்லாத நேரம் பார்த்து வருவதால் இது முக்கியம்.

ரிலே சுமார் 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். 7 ஆம்பியர்-மணி பாட்டரி கணக்குப்படி 9 நாள் வரும். நடைமுறையில் அதில் பாதி என்று வைத்துக்கொள்வது நலம். பாட்டரியோடு சிறு சார்ஜரை இணைத்து வைத்தால் கவலை இல்லை. பாட்டரியையும் ரிலேயையும் பூட்டிய பெட்டிக்குள்ளும், சைரனைக் கைக்கு எட்டாத உயரத்திலும் வைக்க வேண்டும். மோட்டாரின் மின்சாரம் எக்காரணம் கொண்டும் இந்த மெல்லிய கம்பியில் பாயக் கூடாது. எனவே நல்ல உறையுள்ள கம்பியாக வாங்கி, மெயினை அணைத்துவிட்டு, தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டு செய்வதே உசிதம். சாமான்களுக்கு ஏறத்தாழ ரூ.2,000 முதல் ரூ.3,000 வரை ஆகலாம்.

கதவுக்கும் பட்டிக்கும்

மோட்டார் அறை, தானியக் கிடங்கு, தோட்டத்து வீடு, சாலையோர உரக்கடை ஆகியவற்றின் கதவுகளுக்குக் காந்த அலாரம் போதும். கதவில் ஒரு சிறு காந்தம், நிலையில் ஒரு சுவிட்ச். கதவு விலகினால் காந்தமும் விலகி அலாரம் அடிக்கும். பாட்டரி போட்டு ஒட்டும் சிறு வகை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. படுக்கும் அறைக்கு வெளியே உள்ள கதவுக்கு இதைப் போட்டுவிட்டால், உள்ளே இருப்பவர்கள் விழித்துக்கொள்ளச் சிறிது அவகாசம் கிடைக்கும்.

ஆள் நடமாட்டத்தைக் கண்டு அடிக்கும் அலாரம் உடல் சூட்டை உணர்ந்து வேலை செய்கிறது. நேராக எதிரே வருபவனைவிடக் குறுக்கே நடப்பவனை இது எளிதில் கண்டுகொள்ளும். அதனால் வழியைப் பார்த்து வைக்காமல், வழிக்குக் குறுக்காகப் பார்க்கும்படி வைக்க வேண்டும். நாய், பூனை, ஆடு போனாலும் அடிக்கும். கண்ணாடியின் மேல் பல்லி ஊர்ந்தாலும், எதிரே வெயில் பட்டாலும் வீணாகக் கத்தும். வீணாகக் கத்தும் அலாரத்தை இரண்டாம் வாரமே அணைத்து வைத்துவிடுவார்கள். எனவே ஆட்டுப்பட்டிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் உள்ளே இதை வைப்பதில் பயனில்லை. படலுக்கோ கேட்டுக்கோ காந்த சுவிட்ச் வைப்பதே பொருத்தம்.

செல்போனுக்கு அழைக்கும் கருவி

தோட்டம் ஓரிடம், குடியிருப்பு வேறிடம் என்றால் சைரன் சத்தம் வீட்டுக்குக் கேட்காது. அப்படிப்பட்டவர்கள் சிம் கார்டு போட்ட அலாரம் வாங்கலாம். கம்பி அறுந்தாலோ கதவு திறந்தாலோ, முன்பே பதிந்து வைத்த எண்களுக்கு அது வரிசையாக அழைக்கும். வாங்கும்போது 2ஜி கருவியா 4ஜி கருவியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2ஜி மட்டும் உள்ள கருவியில் ஜியோ சிம் இயங்காது. தோட்டத்தில் எந்தக் கம்பெனியின் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று முதலில் நம் செல்போனை வைத்துப் பார்த்துவிட்டு, அந்த சிம்மையே வாங்க வேண்டும். ரீசார்ஜ் முடிந்துபோனால் கருவி ஊமையாகிவிடும். தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பது அவசியம்.

செல்போனிலிருந்தே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கருவிகள் சிலவற்றில் கேபிள் அறுந்தால் தகவல் சொல்லும் வசதியும் இருக்கிறது. இத்தகைய தானியங்கிக் கருவிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கியிருக்கிறது. நடப்பு ஆண்டில் மானியம் உண்டா என்பதை அத்துறையின் உபகோட்ட அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வாங்கினால் செலவு குறையும்.

கேமரா வாங்குமுன்

வீட்டு வாசலில் கேமரா வைத்து உள்ளிருந்தே பார்க்கும் ஏற்பாட்டுக்கு முதன்முதலில் வழி கண்டவர்களில் ஒருவர் ஒரு நர்ஸ். நியூயார்க் நகரில் வசித்த மேரி வான் பிரிட்டன் பிரவுன், கணவருடன் சேர்ந்து 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் இருந்த பகுதியில் போலீஸைக் கூப்பிட்டால் வந்து சேர நேரமாகும் என்ற கவலையே அதற்குக் காரணம். ஊரை விட்டு ஒதுங்கிய தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கும் அதே கவலைதான்.

இன்று சிறு விவசாயிக்குப் பொருத்தமானவை இரண்டு வகை. மின்சாரமும் இன்டர்நெட்டும் இல்லாத கிணற்று மேட்டுக்குச் சூரிய ஒளியில் இயங்கும் 4ஜி சிம் கேமரா ஏற்றது, ஏறத்தாழ ரூ.4,000-லிருந்து கிடைக்கிறது. இது எப்போதும் பதிவு செய்யாது. ஆள் அசைந்தால் விழித்துப் படம் எடுத்துச் செல்போனுக்குத் தகவல் அனுப்பும். வீடு, கடை, கோழிப் பண்ணை போன்ற இடங்களுக்கு ஒயர் மூலம் இணைத்த நான்கு கேமராவும் பதிவுப் பெட்டியும் கொண்ட செட் நல்லது. மாட்டும் கூலியோடு ரூ.15,000 முதல் ரூ.25,000 வரை ஆகலாம். எதை வாங்கினாலும் பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ளதா என்று பார்த்து, ரசீதுடன் வாங்க வேண்டும்.

விற்பவர்கள் இரவில் 30 மீட்டர் தூரம் தெரியும் என்பார்கள். ஆள் நிற்பது தெரியும்; முகம் தெரியாது. சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவில் 3.6 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால், அறிமுகமில்லாத ஆளின் முகத்தை ஐயமின்றி அடையாளம் காண ஏறத்தாழ 5 மீட்டருக்குள், அதாவது 16 அடிக்குள் அவன் வர வேண்டும். ஆகவே நான்கு ஏக்கரையும் ஒரே கேமராவில் பார்த்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. வந்தே தீர வேண்டிய இடம் எதுவோ, அங்கே கேமரா பார்க்க வேண்டும். கேட், வீட்டு வாசல், கிணற்று மேடு ஆகிய மூன்றும் அப்படிப்பட்ட இடங்கள்.

எட்டு முதல் பத்தடி உயரத்தில் மாட்டுவது நல்லது. மிக உயரத்தில் வைத்தால் தலைப்பாகைதான் தெரியும். நேர் கிழக்கோ நேர் மேற்கோ பார்த்தால் காலை மாலை வெயிலில் படம் வெளுத்துவிடும். இரவில் கேமராவின் ஒளிக்குப் பூச்சிகள் வரும்; பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும்; அது கட்டும் வலை படம் முழுவதையும் வெள்ளையாக மறைத்துவிடும். வாரம் ஒரு முறை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். பக்கத்து வீட்டின் முற்றத்தையோ குளிக்கும் இடத்தையோ கேமரா பார்க்கக் கூடாது. அது சண்டைக்கும் வழக்கிற்கும் இடம் கொடுக்கும்.

பதிவுப் பெட்டியை டி.வி.க்குக் கீழே எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பது வழக்கமாகிவிட்டது. திருடன் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போனால் கேமரா இருந்தும் பயனில்லை. உள் அறையில், பூட்டிய பெட்டியில், காற்றோட்டத்துடன் வைக்க வேண்டும். கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை வாங்கிய அன்றே மாற்றிவிட வேண்டும். 2016-இல் மிராய் என்ற வைரஸ், கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகெங்கும் லட்சக்கணக்கில் தன் வசமாக்கியது.

பதிவு எத்தனை நாள் இருக்கும்?

ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிந்தால், நாளொன்றுக்கு 21 ஜி.பி.க்குச் சற்று அதிகம் பிடிக்கும். நான்கு கேமராவுக்கு 86 ஜி.பி. ஆகும். 1,000 ஜி.பி. கொள்ளும் ஒரு டி.பி. டிஸ்க் 11 நாளில் நிறைந்து, பழைய பதிவு தானே அழிந்து புதியது ஏறும். திருட்டு நடந்தது தெரிந்ததும் அன்றைய பதிவைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சத்தம் கேட்டால் வருவது யார்?

சைரன் எவ்வளவு பலமாகக் கத்தினாலும், கேட்டு வர ஆள் இல்லாவிட்டால் திருடன் நிதானமாக வேலையை முடித்துக்கொண்டு போவான். எனவே பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து பேசி வைத்துக்கொள்வதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். ஒவ்வொருவர் கருவியிலும் மற்றவர்களின் எண்கள் இருக்க வேண்டும். அழைப்பு வந்தால் எல்லோரும் வீட்டு வெளிவிளக்கைப் போட்டு, குரல் கொடுத்து, இரண்டு பேருக்குக் குறையாமல் சேர்ந்து போக வேண்டும். இருட்டில் தனி ஆளாகத் துரத்திக்கொண்டு போவது ஆபத்து. 100 அல்லது 112 எண்ணுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு வரும் வழியை இருட்டில் சொல்லத் தெரியாமல் திணறுவதுண்டு. மெயின் ரோட்டிலிருந்து என்ன அடையாளம், எத்தனையாவது பிரிவு என்று வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்குக் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை பக்கத்துத் தோட்டத்திலிருந்து போன் போட்டு விசாரிக்கும் வழக்கம் இருந்தால் நல்லது. இதற்குச் செலவில்லை. காவலுக்கு இருந்த நாய் காரணமின்றித் திடீரென்று இறந்தால் அலட்சியமாக விடாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

வேலியில் கரண்ட் கூடாது

திருடனுக்கும் பன்றிக்கும் பயந்து, மோட்டார் லைனிலிருந்து வேலிக்கு மின்சாரம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இது சட்ட விரோதம் மட்டுமல்ல, கொலைக் கருவி. வரப்பில் தண்ணீர் திருப்ப வந்த சொந்தப் பிள்ளையும், புல் அறுக்க வந்த கூலிப் பெண்ணும் இதில் சிக்கி மாண்டுபோக நேரிடும். பாட்டரியில் இயங்கி, விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் வேலிக்கும் விதிகள் உண்டு. தமிழகத்தில் 2023-இல் இதற்கெனத் தனி விதிகள் வந்துள்ளன. வனத்தை ஒட்டிய நிலமுள்ளவர்கள் வனத்துறையிடம் கேட்காமல் போடக் கூடாது.

திருட்டு நடந்துவிட்டால்

அறுபட்ட முனை, காலடித் தடம் எதையும் கலைக்காமல் படம் எடுத்துவிட்டு, அன்றே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். போனது ஒயர்தானே என்று விட்டுவிட்டால், அதே திருடன் அடுத்த மாதம் அடுத்த கிணற்றுக்கு வருவான். புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். வழக்குப் பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்கும். கேமராப் பதிவைக் கோர்ட்டில் சாட்சியமாக ஏற்க, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்று தேவை. பதிவை வெட்டாமல், திருத்தாமல் அப்படியே கொடுப்பதும், பதிவுப் பெட்டியின் கடிகாரம் சரியான நேரம் காட்டுவதும் இதற்கு உதவும்.

மாதம் ஒரு முறை

அமாவாசைக்கு முந்திய நாளைச் சோதனை நாளாக வைத்துக்கொள்ளலாம். பாட்டரி இருக்கிறதா, சைரன் அடிக்கிறதா, சிம் ரீசார்ஜ் இருக்கிறதா, கேமராவில் நேற்றைய பதிவு ஓடுகிறதா, எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று ஐந்தையும் பார்க்கக் கால் மணி நேரம் போதும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு அலாரத்தை ஒரு தடவை அடிக்க விட்டால், சத்தம் எத்தனை வீட்டுக்குக் கேட்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

பணம் கொஞ்சமாக இருப்பவர்கள் இந்த ஆண்டு ஒயரைப் புதைத்து, கம்பி அலாரம் வைக்கட்டும். அடுத்த அறுவடைக்குப் பிறகு வாசலுக்கு ஒரு கேமரா வாங்கட்டும். பக்கத்துத் தோட்டத்தாரோடு பேசி வைப்பதை மட்டும் அதுவரை தள்ளிப் போட வேண்டியதில்லை. அதை இன்று மாலையே செய்யலாம்.